பிழையும் திருத்தமும்: பெஞ்சமின் பிராங்க்ளின் வரலாறு

பழைய தமிழ்ப் பதிப்புக்களைக் கையாண்டு பழகிய மாணவர் யாவரும் அவற்றின் முகப்பிலேனும் இறுதியிலேனும் சேர்க்கப்பெற்றிருக்கும் ஒரு சிறு தாளை அறிவர். அத்தாளின் நடுவே ஒரு கோடு. கோட்டின் ஒருபுறம் பிழை, மறுபுறம் திருத்தம். ஓரத்தில் பக்கமும் வரியும் காட்டும் எண்கள். நம்மிற் பெரும்பாலோர் அதனைப் புரட்டி அப்பாற் சென்றுவிடுவோம். தேர்வு நெருங்கிய காலத்து, உரையில் ஓரிடம் எவ்வாற்றானும் பொருள்படாது நிற்க, அரைநாள் அதனோடு மல்லாடிய பின்னரே அத்தாளின் நினைவு எழுந்து, லகரமும் ளகரமும் மாறிப்போனதே எம் துன்பத்திற்கெல்லாம் காரணமென அறிந்து யாம் நாணியதுண்டு. பதிப்பாசிரியர் தம் பிழையைத் தாமே கண்டு, மறையாது, பிறர் இடறாதபடி அச்சிட்டு வைத்திருந்தார்; பாராதது எம் குற்றமே.

தம் வாழ்க்கைக்கே அத்தகைய தாளொன்று எழுதிச் சேர்த்த அச்சுத் தொழிலாளர் ஒருவர் உளர். இடிதாங்கியைக் கண்டவரென்று பௌதிக நூலிலும், அமெரிக்க விடுதலைக்கு உழைத்தவரென்று சரித்திர நூலிலும் நாம் படிக்கும் பெஞ்சமின் பிராங்க்ளினே அவர். எத்துணைப் பதவிகள் வகித்தும் தம்மை அச்சுத் தொழிலாளரென்று சொல்லிக்கொள்வதிலேயே அவர் மகிழ்ந்தார்; தம் மரண சாசனத்தின் தொடக்கத்திலும், தூதுவர் முதலிய பட்டங்களுக்கு முன்னே அத்தொழிலின் பெயரையே எழுதினார். தம் வாழ்வில் நேர்ந்த தவறுகளைச் சுயசரிதத்திற் குறிக்குமிடத்து, விதியின்மேல் ஏற்றாது, அச்சுக்கூடத்து வழக்கையே எடுத்து அச்சுப்பிழைகள் எனப் பெயரிட்டார். அவர் பெருமைகளைக் கூறும் நூல்கள் பல. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அப்பிழைகளின் வரலாறே.

பாஸ்டன் நகரில் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பிறந்தவர் பெஞ்சமின். தந்தையார் யோசியா, கொழுப்பு உருக்கி மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் செய்து விற்பவர். அவர்க்குப் பிறந்த மக்கள் பதினெழுவர், அவருள் பதினைந்தாவது பிள்ளை பெஞ்சமின், ஆண்மக்களுள் கடைசி. எட்டாம் வயதில் இலத்தீன் கற்பிக்கும் பள்ளியிற் சேர்ந்தவன் ஓராண்டு நிரம்புமுன்னே செலவு தாங்காமையால் நிறுத்தப்பட்டான். அடுத்துச் சேர்ந்த பள்ளியில் எழுத்து வந்தது, கணக்கு வரவில்லை. பத்தாம் வயதில் தந்தையின் கடையில் திரி நறுக்க அமர்ந்தான். கணக்கில் தோற்ற நாணம் மட்டும் உள்ளே இருந்துகொண்டேயிருக்க, பின்னர்ப் பதினாறாம் வயதளவில் ஒரு கணக்குநூலைத் தானே எடுத்து முழுதும் கற்று முடித்தான் என்பர்.

இளமையில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை அவர் முதுமையிலும் மறந்திலர். ஒன்று ஊதுகுழலைப் பற்றியது. ஏழாம் வயதில் ஒரு திருநாளன்று உறவினர் அவன் பையில் செப்புக்காசுகளை நிறைத்தனர். கடைக்குச் செல்லும் வழியில் வேறொரு சிறுவன் கையில் ஊதுகுழலைக் கண்டு மயங்கி, கையிலிருந்ததெல்லாம் கொடுத்து அதனை வாங்கினான். வீடு முழுதும் ஊதித் திரிந்தான். விலையைக் கேட்ட உடன்பிறந்தார், பெறுமானத்திற்கு நான்கு மடங்கு கொடுத்தாய் என நகைத்தபோது குழலின் இன்பம் பறந்துபோயிற்று, அழுதான். மற்றொன்று, மீன்பிடிக்க நின்று நின்று சேறாக்கிய கழியோரத்தில் ஒரு துறை கட்ட விரும்பி, வீடு கட்டுதற்குப் பிறர் குவித்திருந்த கற்களை மாலையில் தோழர்களைக் கூட்டி எறும்புபோற் சுமந்துபோனது. மறுநாள் அகப்பட்டனர். எல்லார்க்கும் பயன்படும் செயலன்றோ என மைந்தன் வாதித்தான். நேர்மையில்லாதது பயனுடையதாகாது என்று தந்தையார் உணர்த்தினார். ஊதுகுழற் கதையைப் பிராங்க்ளின் எழுதியது 1779இல், பாரிசை அடுத்த பாஸி என்னும் ஊரில், எழுபத்துமூன்றாம் வயதில், ஒரு நண்பியாருக்கு விடுத்த கடிதத்தில். அறுபத்தாறு ஆண்டுகள் அச்செப்புக்காசுகளை அவர் எண்ணிக்கொண்டேயிருந்தார் போலும்!

பன்னிரண்டாம் வயதில் தமையன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தான். இருபத்தோராம் வயது வரையில் அங்கு வேலை செய்யவேண்டுமென்பது ஒப்பந்தம். ஜேம்ஸ் 1721இல் ஒரு செய்தித்தாள் தொடங்கினார். தம்பிக்கும் எழுத ஆசை. தன் பெயரைச் சொன்னால் தமையன் ஏற்கமாட்டான் என்பதும் தெரியும். ஆதலின் ஒரு கைம்பெண் எழுதுவதுபோலப் புனைந்து, கையெழுத்தை மாற்றி, இரவில் அச்சுக்கூடத்துக் கதவின்கீழ்த் தள்ளிவைத்தான். காலையில் தமையனும் அவன் நண்பரும் அதனைப் படித்துப் புகழ்ந்து, எழுதியவர் இன்னார் இன்னார் என ஊரிலுள்ள கற்றோர் பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, எழுத்துக் கோத்தவாறே இவன் கேட்டு மகிழ்ந்தான். அவ்வாறு 1722இல் வெளிவந்த கட்டுரைகள் பதினான்கு. உண்மை தெரிந்தபின் தமையனுக்கு உவகையினும் வெறுப்பே மிகுந்தது. அடியும் உண்டு.

ஆட்சியாளரைக் குறைகூறி எழுதியதனால் ஜேம்ஸ் சிறை சென்றார். பின்னர் அத்தாளை அவர் பெயரால் வெளியிடலாகாது என ஆணையும் பிறந்தது. சூழ்ச்சியொன்று செய்தனர்: தாள் தம்பியின் பெயரால் வெளிவரும், அதற்காகப் பழைய ஒப்பந்தத்தின் பின்புறத்தில் விடுதலை எழுதிக் கொடுக்கப்படும், ஆனால் மறைவாக வேறொரு புதிய ஒப்பந்தம் இருக்கும். அடுத்த சண்டையில் பெஞ்சமின், தான் விடுதலை பெற்றவன் எனக் கூறி நின்றான். மறைவான ஒப்பந்தத்தை வெளிக்காட்டினால் தமையனே ஆணையை ஏய்த்தவனாவான். ஆதலின் காட்டமாட்டான் என்பதை நன்கறிந்தே அவ்வாறு செய்தான். 1723இல் சில புத்தகங்களை விற்று, ஒருவருக்கும் சொல்லாது கப்பலேறி ஓடிப்போனான்.

இதைப் படிக்கும் நமக்குத் தம்பியின்மேல்தான் பரிவு பிறக்கின்றது. அடித்தவன் தமையன், பொறாமை கொண்டவனும் தமையன். ஆயினும் பிராங்க்ளின் தம் தாளில் எழுதிய முதற்பிழை இதுவே. கொடுமைக்கு அஞ்சிப் போனது பிழையென்று அவர் எண்ணவில்லை. உடன்பிறந்தான் வாய்திறக்க இயலாத நிலையைத் தமக்கு வசதியாகக் கொண்டதே பிழையென எண்ணினார். தாமும் துடுக்குடையவராயிருந்தது அவன் சினத்திற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதினார்.

பிலடெல்பியாவில் அவன் வந்திறங்கிய காட்சி பலரும் அறிந்தது: அழுக்கேறிய உடை, பைகளில் திணித்த சட்டையும் காலுறையும், இரண்டு கக்கத்திலும் இரண்டு ரொட்டி, மூன்றாவதைத் தின்றுகொண்டே தெருவில் நடை. வாயிலில் நின்று அதைக் கண்டு நகைத்த கன்னிகை தெபோராள். பின்னாளில் அவர் மனைவியாயினவர் அவரே. ஆனால் அதற்குள் நிகழ்ந்தவை சில உள.

அந்நாட்டு ஆளுநர் கீத் என்பவர் இவ்விளைஞனின் திறமையைக் கண்டு, தனி அச்சுக்கூடம் வைத்துத் தருவதாக ஆசை காட்டினார். தந்தையின் உதவி வேண்டி 1724இல் பாஸ்டன் சென்ற பெஞ்சமின், புத்தாடையும் கைக்கடிகையும் பைநிறைந்த வெள்ளிக்காசுமாகத் தமையனின் அச்சுக்கூடத்துள் நுழைந்து, வேலையாட்களுக்கெல்லாம் காட்டிப் பெருமை பேசினான். குடிக்கவும் காசு கொடுத்தான். ஜேம்ஸ் அதனைத் தம்மை அவமதித்ததாகவே கொண்டார். அவ்வூர்ப் போதகர் காட்டன் மேதரையும் அப்போது கண்டான். விடைபெற்றுக் குறுகிய வழியொன்றால் வெளியே வருகையில், பின்வந்த போதகர் குனி குனி எனக் கூவியது விளங்காமல் நிமிர்ந்தே நடந்து, குறுக்கே கிடந்த உத்தரத்தில் தலையை மோதிக்கொண்டான். உலகில் நடக்கும்போதும் குனிந்து சென்றால் பல மோதல்கள் தப்பும் என்றார் அப்பெரியவர். அறுபது ஆண்டு கழித்து 1784இல் அப்போதகரின் மகனாருக்கு எழுதிய கடிதத்தில் பிராங்க்ளின் இதனை நினைவுகூர்ந்தார். தமையன் முன் நிமிர்ந்து நின்ற நாட்களும் தலை மோதிய நாளும் அணித்தணித்து நின்றதைக் காணுமிடத்து, போதகர் அறிந்தே சொன்னார் போலும் என எமக்குத் தோன்றுகின்றது.

அப்பயணத்திலேயே பணத்தைப் பற்றிய பிழையும் நிகழ்ந்தது. வெர்னன் என்பவர், தமக்கு வரவேண்டிய 35 பவுனளவான கடனைப் பென்சில்வேனியாவில் வாங்கி வைக்குமாறு இவனிடம் ஒப்படைத்தார். வாங்கினான், வைக்கவில்லை. குடிப்பழக்கத்தில் வீழ்ந்த காலின்ஸ் என்னும் இளமைத் தோழனுக்குச் சிறிது சிறிதாகக் கடன் கொடுத்து அப்பணத்தைக் கரைத்தான். தோழன் வேலை தேடி மேற்கிந்தியத் தீவொன்றிற்குச் சென்றான். பின் அவனைப்பற்றிய செய்தியே இல்லை. வெர்னன் எந்நாளில் கேட்பாரோ என்னும் அச்சம் பல ஆண்டு இவனைத் தொடர்ந்தது.

ஆளுநர் கீத்தின் பேச்சை நம்பி, அச்சுக்கருவிகள் வாங்க இலண்டனுக்குக் கப்பலேறினான். பரிந்துரைக் கடிதங்களும் கடன் பத்திரமும் கப்பலின் தபாற்பையில் வருமென்று ஆளுநர் சொல்லியிருந்தார். 1724 டிசம்பர் 24ஆம் நாள் இலண்டன் சேர்ந்து பையைத் துழாவியபோது ஒன்றும் இல்லை. அந்த ஆளுநரிடம் எவரும் கடன் நம்பிக் கொடார் என்பதையே உடன்வந்த டென்ஹம் என்னும் வணிகர் சொல்லக் கேட்டான். பதினெட்டு வயது, அயலூர், கிறிஸ்துமஸ் முன்னாள்! பிற்காலத்தில் இதை எழுதுகையில் பிராங்க்ளின் கீத்தை வைதிலர். எல்லாரையும் மகிழ்விக்க விரும்பிக் கொடுப்பதற்குப் பொருளில்லாமையால் நம்பிக்கையைக் கொடுத்தவர் என்றும், மற்றபடி நல்ல ஆளுநரே என்றும் எழுதினார். இவ்வரிகளை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் இவற்றிற்கு ஒருகால் திரும்புவோம்.

இலண்டனில் அச்சுக்கூடங்களில் உழைத்த ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில், மணம் செய்வதாக வாக்களித்துவிட்டு வந்த தெபோராளுக்கு அவன் எழுதியது ஒரே கடிதம். அதுவும் விரைவில் வருவதற்கில்லை என்பதைத் தெரிவிப்பது. அப்பெண் சுற்றத்தாரின் வற்புறுத்தலால் ஒரு குயவனை மணந்தாள். அவனுக்கு முன்னரே ஒரு மனைவி உண்டென்ற பேச்சு எழுந்தது. கடன்பட்டு அவனும் ஓடிப்போனான்.

1726இல் பிலடெல்பியா திரும்பிய பின்னர்த் திருத்தங்கள் தொடங்குகின்றன. நண்பர் இருவர் தனித்தனியே முன்வந்து பணம் உதவ, அச்சுக்கூடம் அவருடையதாயிற்று. 1729இல் செய்தித்தாளும் அவர் கைக்கு வந்தது. வெர்னன் கடனை நினைவூட்டினார். சிறிது காலம் பொறுக்குமாறு குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிய பிராங்க்ளின், இயன்றவுடன் முதலும் வட்டியும் நன்றியும் சேர்த்துச் செலுத்தினார். வாடிய முகத்துடன் வீட்டினுள் அடைந்து கிடந்த தெபோராளின் துயர்க்குத் தம் மாறாட்டமே பெரிதும் காரணமென உணர்ந்து, குயவன் உயிரோடிருந்தால் வரக்கூடிய வழக்குக்கும் துணிந்து 1730 செப்டம்பர் 1ஆம் நாள் அவரை மனைவியாக ஏற்றார். வில்லியம் என்னும் ஆண்மகவும் அவ்வீட்டில் வளர்ந்தது. அக்குழந்தையின் தாய் தெபோராள் அல்லர். தாய் இன்னாரென்பதைப் பிராங்க்ளின் எங்கும் எழுதிலர், பிழைத்தாளிலும் இல்லை.

தமையனுக்கு இழைத்ததைத் திருத்தியது 1733இல். நியூபோர்ட் என்னும் ஊரில் நோயுற்றிருந்த ஜேம்ஸைக் காணச் சென்றார். பழைய பகை இருவரிடத்தும் இல்லை. தான் இறந்தபின் பத்து வயதுள்ள தன் மகனை அழைத்துச் சென்று அச்சுத்தொழில் பழக்குமாறு தமையன் வேண்டினான். அவ்வாறே அப்பையனைச் சில ஆண்டுகள் பள்ளிக்கு அனுப்பிப் பின் தொழிலும் பழக்கினார். அவன் தந்தையின் எழுத்துக்கள் தேய்ந்து போயிருந்தமையால் புதிய எழுத்துக்களும் கொடுத்துத் தனித்தொழில் நடத்தச் செய்தார். தாம் பாதியில் விட்டுப்போன வேலைக்காலத்தை அண்ணன் மகனுக்குச் செலுத்தியதாக அவர் கணக்கு.

பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்திற்கு ஒன்றாகப் பயின்று, சிறுபுத்தகமொன்றில் சிவந்த கோடுகளிட்டு, நாள்தோறும் தவறிய குணத்திற்கு நேரே கரும்புள்ளி வைத்துவந்தார் என்பதைப் பள்ளி வாசகங்களிற் படித்திருக்கிறோம். முதலிற் குறித்தவை பன்னிரண்டே. பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தது, உமக்குச் செருக்கு மிகுதி என ஒரு நண்பர் சொல்லிய பிறகு. புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளெல்லாம் ஓட்டையாயிற்று. ஆதலின் துடைத்தெழுதத்தக்க தந்த ஏடுகளுக்கு மாறினார். ஒழுங்கு என்னும் குணம் மட்டும் அவர்க்குக் கடைசிவரை வசப்படவில்லை. கோடரி முழுதும் பளபளக்கவேண்டுமென்று கொல்லனிடம் கேட்டவன், சாணைச்சக்கரத்தைத் தானே சுற்ற நேர்ந்ததும் கை சலித்து, புள்ளி புள்ளியாயிருக்கும் கோடரியே எனக்குப் பிடிக்கும் என்று எடுத்துச்சென்ற கதையைச் சொல்லித் தம்மைத் தாமே நகையாடிக்கொண்டார். எம் அறையில் மேசைமேற் கிடக்கும் புத்தகக் குவியலை நோக்கும்போது இக்கதை எமக்கும் ஆறுதல் தருகின்றது.

நகைத்தற்கில்லாத பிழையொன்றும் உண்டு. 1732இல் பிறந்த பிரான்சிஸ் என்னும் மகன் அவர் கண்மணியாயிருந்தான். பெரியம்மை 1980இல் உலகினின்றும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டமையால் அதன் கொடுமை நம் தலைமுறைக்குத் தெரியாது. முகத்தில் வடுவுடைய முதியோரைக் கண்டவரே ஒருவாறு ஊகிக்கலாம். ஜென்னர் பசுவம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டது 1796இல். அதற்குமுன் வழங்கிய முறை, அம்மை கண்டவர் உடலினின்று சிறிது சீழெடுத்து நலமுள்ளவர் தோலைக் கீறி ஏற்றுதல். அதனால் இறந்தாரும் உண்டு. இயற்கையாக நோய் வந்து இறந்தாரை நோக்க அவர் மிகச் சிலரே. பாஸ்டனில் 1721இல் அம்மை பரவியபோது அம்முறையைப் புகுத்தப் போராடியவர் முன்னே சொன்ன போதகர் மேதர். அதனை எள்ளி எழுதியது ஜேம்ஸின் செய்தித்தாள். அத்தாள் வெளிவந்த அச்சுக்கூடத்தில் அப்போது வேலை செய்தவன் தம்பி. வளர்ந்தபின் பிராங்க்ளின் தம் பத்திரிகையில் அம்முறையை ஆதரித்தே எழுதிவந்தார். ஆயினும் தம் மகனுக்குக் குத்தவில்லை. பையனுக்கு வயிற்றுப்போக்கு, உடல்தேறட்டும் எனத் தாழ்த்தினார். 1736 நவம்பர் 21ஆம் நாள், நான்கே வயதில், பெரியம்மையால் பிரான்சிஸ் இறந்தான்.

அம்மை குத்தியதனாலேதான் குழந்தை இறந்தது என்று ஊரிற் பேச்செழுந்தது. அதனை நம்பி வேறு பெற்றோர் தம் மக்களுக்குக் குத்தாது விடுவரே என்று அஞ்சி, அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே தம் பத்திரிகையில் உண்மையை வெளியிட்டார்: குழந்தைக்குக் குத்தவில்லை, குத்த எண்ணியிருந்தும் குத்தவில்லை. புதல்வனைப் புதைத்து ஆறு வாரம் ஆகாத தந்தை தம் கையாலேயே தம் குற்றத்தைத் தம் அச்சுக்கூடத்தில் அச்சிடுவதென்பது எளிதா? பலர் அனுதாபத்தை ஏற்று வாளாவிருந்திருப்பர். 1759இல் இலண்டனில் இருந்தபோது ஹெபர்டன் என்னும் மருத்துவரோடு சேர்ந்து அம்மை குத்துதலைப் பற்றிய சிறு நூலொன்று வெளியிட்டார். அது குடியேற்ற நாடுகளில் இலவசமாக வழங்கப்பட்டது. முதுமையில் சுயசரிதத்திலும் பெற்றோரை நோக்கி இதனையே எழுதினார். குத்தியபின் குழந்தை இறந்தால் எங்களையே நாங்கள் மன்னிக்கமாட்டோமே என்று தயங்குவோர்க்கு, குத்தாமல் இறந்தாலும் அத்துயரம் அவ்வாறே இருக்கும் என்பதற்குத் தம்மையே சான்றாக நிறுத்தினார். மகன் இறந்து முப்பத்தாறு ஆண்டுகள் சென்றபின்னும், அவனை நினைத்தாற் பெருமூச்செழுவதாகத் தங்கைக்கு எழுதியிருக்கின்றார்.

இத்தகைய துணிவு எல்லாக் காலத்தும் அவரிடம் இருந்ததெனல் பொருந்தாது. 1750 கிறிஸ்துமஸை ஒட்டி, மின்சாரத்தால் ஒரு வான்கோழியைக் கொல்ல முயன்று, பெரிய கண்ணாடிச் சாடிகளில் தேக்கிய மின்விசை முழுவதையும் கவனக்குறைவால் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டு நினைவிழந்தார். இரண்டு நாளிற் பாஸ்டனுக்குக் கடிதம் எழுதி, அங்கே அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டிருந்த நண்பர் ஒருவர்க்கு எச்சரிக்கையாக இதனைச் சொல்லுமாறும், நாணமாயிருப்பதால் வேறு எவர்க்கும் சொல்லவேண்டாமென்றும் வேண்டிக்கொண்டார். உயிர்க்கு இடராகுமிடத்தும் அவர் எச்சரிக்கையை மறைத்திலர். ஆனால் நாணமும் போகவில்லை.

அந்நாணத்தைக் கடந்து பிழைகளையெல்லாம் ஒருசேர எழுதத் துணிந்தது 1771ஆம் ஆண்டு. அப்போது வயது அறுபத்தைந்து. குடியேற்ற நாடுகளின் பிரதிநிதியாக இலண்டனில் வாழ்ந்தார். ஷிப்லி என்னும் அத்தியட்சருக்கு ட்வைபோர்டு என்னும் சிற்றூரிலிருந்த வீட்டில் விருந்தினராய்த் தங்கியபோது எழுதத் தொடங்கினார். எழுதியது எவர்க்கு? மகன் வில்லியமுக்கு. தந்தையின் பட்டப் பரிசோதனைக்குத் துணைநின்றவனும், உடன் இலண்டன் வந்து சட்டம் பயின்றவனும், 1762இல் நியூஜெர்சியின் ஆளுநராக மன்னரால் நியமனம் பெற்றவனும் அம்மகனே. தமையனை விட்டோடியது, வெர்னன் பணம், தெபோராளை மறந்தது எல்லாம் அவனுக்கென்றே எழுதப்பட்டன. 1730 வரையிலான வரலாற்றோடு எழுத்து நின்றது, அரசியல் இடைப்புகுந்தது.

1774 ஜனவரி 29ஆம் நாள் இலண்டனில் அரசரின் ஆலோசனைச் சபையார் முன் பிராங்க்ளின் நிறுத்தப்பட்டார். மாசசூசெட்ஸ் ஆளுநரின் அந்தரங்கக் கடிதங்களைப் பாஸ்டனுக்கு அனுப்பியவர் அவரே என்பது வெளிப்பட்டிருந்தது. வெட்டர்பர்ன் என்னும் அரசாங்க வழக்கறிஞர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவரை இகழ்ந்துரைக்க, சபையார் நகைக்க, அவர் முகத்தில் ஒரு மாறுதலுமின்றி நின்றார். அஞ்சல்துறைப் பதவியும் பறிபோயிற்று. மகனும் ஆளுநர் பதவியைத் துறப்பான் என எதிர்பார்த்தார். மகன் துறக்கவில்லை, மன்னர்க்குச் செய்த ஆணையே அவனுக்குப் பெரிதாயிற்று. அவ்வாண்டு இறுதியில் தெபோராள், பத்தாண்டு கணவன் முகங்காணாதவராய், பிலடெல்பியாவில் இறந்தார்.

1776இல் தந்தை விடுதலைப் பிரகடனத்திற் கையெழுத்திட்டார்; மகன் கைதியானான். கனெக்டிகட் நாட்டிற் சிறையிருந்தபோது அவன் மனைவி 1777இல் நியூயார்க்கில் இறந்தாள். சென்று காணவும் அனுமதி கிட்டவில்லை. தந்தையோ வில்லியமின் மகனாகிய டெம்பிளைத் தம்முடன் அழைத்துக்கொண்டு பிரான்சில் தூதுவராயிருந்தார். 1778இல் பிரான்சோடு உடன்படிக்கை செய்த நாளில், வெட்டர்பர்ன் இகழ்ந்த அன்று உடுத்த உடையையே எடுத்து உடுத்தார் என்பர். மறவாமையில் அவர்க்கு ஒப்பார் இலர்.

போர் முடிந்தபின் 1784இல் மகன் கடிதம் எழுதினான். பழைய அன்பைப் புதுப்பிக்க விரும்பினான். தந்தை மறுமொழி அனுப்பினார். முதுமையில் ஒரே மகனாற் கைவிடப்பட்டதினும் தம்மை வருத்தியது வேறொன்றில்லை என்பது அதன் சாரம். இருவரும் 1785இல் சௌதாம்ப்டன் துறையிற் சில நாட்கள் சந்தித்தனர். அன்புரை பேசினார்களோ அறியோம். நிலங்களையும் கடன்களையும் பற்றிய பத்திரங்கள் கையெழுத்தாயின. அதன்பின் சந்திப்பில்லை. ஏய்த்த கீத்தை நல்லவனென்று எழுதிய கை, பணத்தைக் கரைத்த காலின்ஸைப் பொறுத்த நெஞ்சு, தமையனிடத்தில் தாமே ஓடிச்சென்று பகை தீர்த்த கால், இவையெல்லாம் இம்மகனிடத்து ஏன் மறுத்தன? தம்மை விட்டோடிய பதினேழு வயதுத் தம்பியின் வரலாற்றை இவர் எவனுக்கு எழுதினாரோ, அவனும் ஒருவகையில் அதையே செய்தான். தன் வழியை நாடினான். ஜேம்ஸ் மன்னித்தார். பெஞ்சமின் மன்னிக்கவில்லை. பெரியோரைக் குறைகூறும் தகுதி எமக்கில்லை. ஆயினும் பிழைத்தாளில் இவ்வரி விடுபட்டதென்றே எமக்குப் படுகின்றது.

இன்னொரு வரியும் அந்நூலில் விடுபட்டது. அதனை வாழ்க்கையில் ஓரளவு திருத்தினார். வீட்டில் அடிமைகள் இருந்தனர். அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. 1787இல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்திற்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமைத்தனத்தை ஒழிக்க வேண்டும் விண்ணப்பத்திற் கையெழுத்திட்டுக் காங்கிரசுக்கு அனுப்பினார். அவ்விண்ணப்பம் பயன்தரவில்லை. இரண்டு திங்களில், ஏப்ரல் 17ஆம் நாள், எண்பத்துநான்காம் வயதில் இறந்தார்.

சுயசரிதம் அழியாமற் பிழைத்ததும் ஒரு வியப்பே. போர்க் குழப்பத்திற் காணாமற் போன முதற்பகுதியின் கையெழுத்துப் பிரதி ஏபெல் ஜேம்ஸ் என்னும் பிலடெல்பியா வணிகர் கையில் அகப்பட்டது. இளைஞர்க்கு இதனினும் சிறந்த வழிகாட்டி இல்லை, எழுதி முடியும் என அவர் பாஸிக்குக் கடிதம் விடுத்தார். வாகன் என்னும் நண்பரும் வற்புறுத்தினார். 1784இல், மகனுக்கு அக்கடினமான மறுமொழி அனுப்பிய ஆண்டிலேயே, பிராங்க்ளின் மீண்டும் எழுத அமர்ந்தார். இம்முறை மகனுக்கன்று, பொதுமக்களுக்கு. முதற்பகுதி குடும்பத்தார்க்கு எழுதப்பட்டதென்றும், இனி வருவது வேறு நோக்கமுடையதென்றும் ஒரு குறிப்பை இடையில் வைத்தார். நோயோடு போராடி எழுதியும் வரலாறு 1757ஐச் சிறிது கடந்ததோடு நின்றுவிட்டது.

தாம் இளைஞராயிருந்தபோது இரு நண்பர் உதவிய பணத்தை மறவாது, பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் ஆயிரம் பவுன் எழுதிவைத்தார். தொழில் தொடங்கும் இளங் கைவினைஞர்க்குக் கடன் கொடுத்து இருநூறு ஆண்டு நடத்தவேண்டுமென்பது ஏற்பாடு. அவ்வாறே 1990 வரை நடந்தது. வில்லியமுக்கு எழுதிவைத்தது நோவாஸ்கோஷியாவிற் சில நிலமும், முன்னரே அவனிடமிருந்த புத்தகங்களும், கடன் தள்ளுபடியுமே. போரில் தமக்கெதிராக நின்றதே காரணமென்பதையும் சாசனத்தில் எழுதினார்.

பேரன் டெம்பிள் 1818இல் அந்நூலைப் பதிப்பித்தான். எத்துணையோ மொழிகளில் எத்துணையோ பதிப்புக்கள் வந்துவிட்டன. நூலின் முதலடியை எவரும் மாற்றிலர், எழுதியவரும் மாற்றிலர். அது இன்றும் மகனையே விளித்துத் தொடங்குகின்றது.